ஏற்காடு வெதர்: ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்

ஏற்காட்ல நாலு ரூம் வெச்சு ஒரு சின்ன ஹோம்ஸ்டே நடத்துறேன், பின்னாடி கொஞ்சம் காபி தோட்டம். வாடகை எவ்ளோன்னு கேக்குறவங்கள விட வெதர் எப்படின்னு கேக்குறவங்கதான் ஜாஸ்தி. ஒரே பதிலை ஒரு நாளைக்கு பத்து தடவ சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

ஏற்காட்ல ஸ்னோ விழுமா? ரீல்ஸ்ல பாத்தோமே?

விழாது. இதுவரைக்கும் விழுந்ததில்ல, இனிமேயும் விழாது. ரீல்ஸ்ல பாத்தது மிஸ்ட்டு, மேல ஃபில்டர் போட்டு வெள்ளையாக்கிருப்பாங்க. இல்லன்னா வேற ஏதோ ஊர் வீடியோவுல நம்ம ஊர் பேரை ஒட்டிருப்பாங்க.

பாதி குழப்பம் நம்ம பாஷையிலயே இருக்குங்க. புல்லு மேல காலைல நிக்கிற தண்ணி சொட்டும் பனி, கண்ண மறைக்கிற மூட்டமும் பனி, காஷ்மீர்ல விழுறதும் பனி. "பனி கொட்டுது வாங்க"ன்னு நான் ஒரு வாட்டி ஸ்டேட்டஸ் போட்டேன், கோயம்புத்தூர்ல இருந்து ஒரு குடும்பம் குழந்தைக்கு பிளாஸ்டிக் சறுக்கு பலகையோட வந்து எறங்குச்சு. அன்னைல இருந்து மூடுபனின்னு முழுசா எழுதுறேன்.

ஏன் விழாதுன்னா ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். நம்ம பக்கத்துல ஆகாசத்துல ஜீரோ டிகிரி வர்ற மட்டம் ஏறக்குறைய 5000 மீட்டர் கிட்ட இருக்கு. அதாவது மூணு ஏற்காட்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாலும் அந்த மட்டத்தை தொடாது. மேகத்துக்குள்ள ஐஸா இருக்கறது கீழ வர்றதுக்குள்ள உருகி மழையாயிடும். இடி மேகத்துக்குள்ள கட்டியா பெருத்து, முழுசா உருகுறதுக்கு முந்தியே வேகமா விழுந்துட்டா அது ஆலங்கட்டி. அது இங்க சித்திரை வைகாசி இடி மழைல எப்பவாச்சும் விழும், தகரக் கூரை மேல விழுந்தா காது கிழியும், பொறுக்கி வாயில போட்டுக்கலாம், அவ்ளோதான் நம்ம ஸ்னோ.

ஊட்டி கொஞ்சம் வேற கேஸ். அது 2200 மீட்டருக்கு மேல இருக்கறதால மார்கழி தைல புல்வெளி வெள்ளையா உறைஞ்சு கெடக்கும், அதுவும் மேல இருந்து விழுறதில்ல, ராத்திரி தரை குளிர்ந்து அங்கயே உறையறது, உறைபனின்னு சொல்றது அதத்தான். ஏற்காட்ல அதுவும் கெடையாது, எலும்புக்குள்ள போற குளிர் மட்டும் உண்டு.

அப்ப ஸ்னோ பாத்தே ஆகணும், ஸ்கீயிங் பண்ணணும்னா எங்க போறது?

வடக்க போகணும். காஷ்மீர்ல குல்மார்க், உத்தரகாண்ட்ல அவுலி, இது ரெண்டும்தான் இந்தியாவுல ஸ்கீயிங்குக்கு பேர் போன எடம். அவுலி சின்ன எடம்தான், கீழ் சரிவு 2500 மீட்டர், மேல் சரிவு 3000 மீட்டர் கிட்ட. நான் போனேன், சேலத்துக்காரன் அங்க போயி என்னத்த கத்துக்கிட்டேன்னா எப்படி விழறதுன்னு கத்துக்கிட்டேன்.

அங்கயும் ஜனங்க ஸ்னோ எப்ப விழும்னு நம்ம விவசாயி மழைய பாக்குற மாதிரி மானத்த பாத்துட்டுதான் உக்காந்திருக்காங்க. நமக்கு மழைய கொண்டு வர்றது பருவக்காத்து, அவங்களுக்கு மெடிட்டரேனியன் கடல் பக்கத்துல இருந்து கெளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வர்ற காத்தழுத்தத் தாழ்வு, மேற்கத்திய இடையூறுன்னு வானிலைக்காரங்க சொல்றது. டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அது அலை அலையா வரும், ஒவ்வொரு அலைக்கும் ரெண்டு மூணு நாள் கொட்டும், அப்புறம் ஒரு வாரம் வெயில் அடிக்கும். அலை வரலன்னா ஒண்ணும் இல்ல. 2024 ஜனவரில குல்மார்க்லயே மண்ணு தெரிஞ்சுது, மாசக் கடைசிலதான் விழ ஆரம்பிச்சுது, அதுக்குள்ள எத்தன பேர் புக்கிங் கேன்சல் பண்ணிருப்பாங்களோ, அந்த ஊர் லாட்ஜ்காரங்கள நெனச்சு எனக்கு வயித்த கலக்குச்சு. அவுலில 2011ல தெற்காசிய குளிர்கால விளையாட்டு நடந்தப்ப செயற்கையா ஸ்னோ பண்ற மிஷின் கொண்டு வந்தாங்க, தண்ணிய பொடிப்பொடியா பீச்சி காத்துலயே உறைய வெக்கிற மிஷின். ஆனா காத்து ஜீரோவுக்கு கீழ ரெண்டு டிகிரியாச்சும் போகணும், ஈரம் கம்மியா இருக்கணும், அப்பத்தான் அது வேலை செய்யும். அந்த மிஷின ஏற்காட்டுக்கு கொண்டு வரலாமேன்னு என்னைய ஒருத்தர் நெசமாவே கேட்டார். கொண்டு வரலாம்ணா, காபிச் செடிக்கு தண்ணி அடிக்க உதவும்.

போறதா இருந்தா ஜனவரி கடைசியில இருந்து பிப்ரவரி முடிய போங்க. டிசம்பர்ல போயிட்டு காஞ்ச புல்ல பாத்துட்டு திரும்புனவங்க எனக்கு தெரிஞ்சே இருக்காங்க.

எந்த மாசம் வந்தா மிஸ்ட் கெடைக்கும்?

இதுக்கு ஒரு வரில பதில் சொல்ல முடியாது, பொறுமையா படிங்க.

மிஸ்ட்னு சொல்றது வேற ஒண்ணும் இல்ல, மேகம். கீழ சேலத்துல நின்னு மலைய பாக்குறவனுக்கு அது மலை மேல உக்காந்த மேகம், அதுக்குள்ள நிக்கிற நமக்கு மிஸ்ட்டு. கீழ இருந்து ஈரக் காத்து மலைல மோதி மேல ஏறும், ஏற ஏற குளிரும், குளிர்ந்தா அதுல இருக்க ஈரம் சொட்டா மாறும். அதனால ரெண்டு விஷயம் வேணும், காத்துல ஈரம், அத மேல தள்ள காத்தடிக்கிறது. குளிர் மட்டும் இருந்தா மிஸ்ட் வராது. இத புரிஞ்சுக்காமத்தான் எல்லாரும் ஜனவரில வந்து "என்னங்க பளிச்சுன்னு இருக்கு"ன்னு என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க.

ஆனி ஆடில தென்மேற்கு காத்து. பெரிய மழை கெடையாது, சாரல் அடிக்கும், காத்து பிச்சு உதறும், மேகம் வரும் போகும் வரும் போகும். பத்து நிமிஷம் எதிர் வீடு தெரியாது, அடுத்த பத்து நிமிஷம் வெயில். எனக்கு ரொம்ப பிடிச்ச சீசன் இது, கூட்டமே இருக்காது, ஆடி மாசம்னு யாரும் கல்யாணம் பண்ணி ஹனிமூனும் வர்றதில்ல.

ஆவணி புரட்டாசி, அதாவது ஆகஸ்ட் பாதில இருந்து அக்டோபர் பாதி வரைக்கும், இதுதான் எங்களுக்கு மழை காலம். மெட்ராஸ்காரங்க எல்லாம் மழைன்னா நவம்பர்னு நெனச்சுட்டு இருக்காங்க, எங்களுக்கு அதுக்கு முன்னாடியே பாதிக்கு மேல பேஞ்சு முடிஞ்சிடும். காலைல பளிச்சுன்னு விடியும், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேக்க கருக்கும், சாயந்தரம் இடியோட ஒரு போடு போடும், ராத்திரி விட்டுடும், அடுத்த நாள் விடியக்காலைல மரம் எல்லாம் சொட்டிட்டு மிஸ்ட்டுக்குள்ள நிக்கும். போட்டோ எடுக்குறவங்க வந்தா நான் செப்டம்பர்னுதான் சொல்லுவேன்.

ஐப்பசி ஆரம்பத்துல வடகிழக்கு பருவமழை ஆரம்பிக்கும். இது கடல்ல என்ன உருவாகுதுங்கறத பொறுத்தது. ஒண்ணும் இல்லன்னா லேசா தூறும், புயலோ தாழ்வு மண்டலமோ வந்தா மூணு நாளைக்கு சூரியனே தெரியாது, மிஸ்ட் பாக்கணும்னு வந்தவங்க மிஸ்ட்ட தவிர வேற எதையும் பாக்காம போவாங்க.

மார்கழி தை மாசி குளிரு. ராத்திரி 12, 13 டிகிரிக்கு எறங்கும், சில நாள் அதுக்கும் கீழ. ஆனா மானம் தொடைச்சு விட்ட மாதிரி இருக்கும். மிஸ்ட் இருந்தா காலைல ஏழு எட்டு மணிக்குள்ள ஏரிப்பக்கம் கொஞ்சம் மெதக்கும், அதோட சரி. இந்த சீசன்ல இன்னொரு கூத்து இருக்கு. குளிர்ந்த காத்து கனம்னு கீழ பள்ளத்துல போயி தேங்கிடும், அதனால சில நாள் விடியக்காலைல சேலத்துல மூட்டம், நாம மேல வெயில்ல நிக்கிறோம். பகோடா பாயிண்ட்டுலயோ லேடீஸ் சீட்டுலயோ நின்னு பாத்தா பால் காய்ச்சி ஊத்துன மாதிரி கீழ வெள்ளையா கெடக்கும், மலை நுனி மட்டும் தீவு மாதிரி நிக்கும். தைப் பனி தரையத் தொளைக்கும், மாசிப் பனி மச்ச தொளைக்கும்னு சொல்றது சும்மா இல்ல, பிப்ரவரி ராத்திரி இங்க தூங்கி பாருங்க.

பங்குனி சித்திரை வைகாசி கீழ வேகுது, மேல வர்றாங்க. பகல்ல 28, 30 வரைக்கும் போகும். மிஸ்ட் எதிர்பாக்காதீங்க, கோடை மழை ஒண்ணு பேஞ்சா அன்னைக்கு ராத்திரியும் மறுநாள் காலையும் மட்டும் போனஸ்.

கீழ சேலத்துல 40 அடிக்குது, மேல எவ்ளோ இருக்கும்?

கணக்கு சிம்பிள். ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும். சேலம் 280 மீட்டர் கிட்ட, ஏற்காடு 1500 மீட்டர், வித்தியாசம் 1200 மீட்டருக்கு மேல, அப்ப எட்டு டிகிரி. காத்து வறண்டு இருக்கற ஏப்ரல் மத்தியானத்துல பத்து டிகிரி வரைக்கும் குறையும், மழை நாள்ல அவ்ளோ குறையாது. அதனால கீழ 40னா மேல 30 கிட்ட. ஊட்டி மாதிரி இருக்கும்னு நெனச்சு மே மாசம் மத்தியானம் ஒரு மணிக்கு வந்து எறங்கி "என்னங்க வெயில் அடிக்குது"ன்னு கேக்காதீங்க. சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல பாருங்க, அப்பத்தான் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் வித்தியாசம் தெரியும். கீழ ராத்திரி பத்து மணிக்கும் செவுரு சுடும், சுத்தி நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலைன்னு மலையா நிக்க சேலம் ஒரு சட்டி மாதிரி நடுவுல கெடக்குது.

ஏசி இருக்கா?

இல்ல. ஃபேனே மே மாசம் மட்டும்தான் போடுறோம்.

ஸ்வெட்டர் எடுத்துட்டு வரணுமா?

நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் கண்டிப்பா, குழந்தைக்கு குல்லாவும். ஜூலை ஆகஸ்ட்ல ஸ்வெட்டர விட நனையாத ஜாக்கெட் முக்கியம், குடை காத்துல திரும்பிக்கும். காட்டன் ஜீன்ஸ் நனைஞ்சா இங்க ரெண்டு நாளைக்கு காயாது, மாத்து துணி எடுத்துட்டு வாங்க, என் வீட்டு அடுப்பு மேல காயப்போட்டு கருக்கிட்டு என்னைய திட்டக்கூடாது.

போன் ஆப்ல மழைன்னு காட்டுது, கேன்சல் பண்ணிடவா?

ஆப்ப பாத்து கேன்சல் பண்ணுறவங்களுக்காகவே இத எழுதுறேன். அந்த ஆப்புக்கு பின்னாடி இருக்க கம்ப்யூட்டர் கணக்கு, ஊர கட்டம் கட்டமா பிரிச்சு ஒரு கட்டத்துக்கு ஒரு வெதர்னு போடுது. ஏற்காடு இருக்க சேர்வராயன் மலை சின்ன மலை, பெரிய கட்டமா இருந்தா ஒண்ணு ரெண்டு கட்டத்துல முழுசா அடங்கிடும், அதுல பாதி அடிவாரம். அப்ப அது கணக்குல மலை பாதி உசரத்துக்கு அமுங்கி மழுங்கிடும். அதனாலதான் சில ஆப்ல ஏற்காடுன்னு போட்டாலும் 34 டிகிரின்னு காட்டும், இங்க நான் 28ல உக்காந்திருப்பேன்.

இன்னொண்ணு, மழை 70 சதவீதம்னா நாள் பூரா பெய்யும்னு அர்த்தம் இல்ல. எப்பவோ ஒரு நேரத்துல பெய்ய அவ்ளோ வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். செப்டம்பர்ல அது சாயந்தரம் ஒரு மணி நேரம். காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு மத்தியானத்துக்குள்ள சேர்வராயன் கோயில், பகோடா பாயிண்ட், ஏரி எல்லாம் முடிச்சுட்டு ரூமுக்கு வந்து சூடா பஜ்ஜி சாப்ட்டுக்கிட்டு மழைய வேடிக்கை பாக்கலாம். பத்து மணி வரைக்கும் தூங்கிட்டு மழை கெடுத்துடுச்சுன்னா அது மழை தப்பில்ல.

நெசமா பாக்க வேண்டியது வானிலை மையத்தோட மாவட்ட எச்சரிக்கை. சேலம் மாவட்டத்துக்கு மஞ்சள்னா பெரும்பாலும் ஏழுல இருந்து பதினொரு சென்டிமீட்டர் கனமழை, வாங்க, பாத்துக்கலாம். ஆரஞ்சுன்னா பன்னண்டுல இருந்து இருபது, போன் பண்ணி கேட்டுட்டு வாங்க. சிவப்புன்னா இருபதுக்கு மேல, வீட்லயே இருங்க, நானே ரூம் தர மாட்டேன்.

மழை நாள்ல மலை ஏறுறது சேஃபா?

சாதாரண மழைன்னா பயம் இல்ல. அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, ரோடு நல்லா இருக்கும். ஆனா 2024 டிசம்பர மறக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை ஏறுச்சு, சரி கடற்கரைக்காரங்களுக்குத்தான் பிரச்சனைன்னு நாங்க டிவி பாத்துட்டு இருந்தோம். அது நகராம நின்னு, அப்புறம் மெதுவா உள்ளுக்க வந்து திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம்னு கொட்டுச்சு. ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர். எங்க ரோட்ல மண்ணு சரிஞ்சு பாறை உருண்டு போக்குவரத்தே நின்னு போச்சு. என் ரூம்ல ரெண்டு குடும்பம் மாட்டிக்கிச்சு, கரண்ட் இல்ல, டவர் இல்ல, அரிசி பருப்பு இருந்துச்சு, ஒரு பாட்டி மட்டும் ஜாலியா பல்லாங்குழி ஆடிட்டு இருந்தாங்க.

புயல் கரை ஏறிடுச்சுன்னா முடிஞ்சுதுன்னு நெனக்காதீங்க, மலைக்காரங்களுக்கு அதுக்கு அப்புறம்தான் ஆரம்பம். மண்ணு நல்லா தண்ணி குடிச்சிருக்கும், மழை நின்ன ரெண்டாம் நாளும் சரியும். குப்பனூர் வழி இன்னொரு ரோடு இருக்கு, ஒண்ணு அடைச்சா இன்னொண்ணுல விடுவாங்க, ஆனா அது குறுகல், ராத்திரில தெரியாதவங்க ஓட்ட வேணாம்.

மிஸ்ட்ல வண்டி ஓட்டுறப்ப?

ஹை பீம் போடாதீங்க. வெளிச்சம் மிஸ்ட்ல பட்டு உங்க கண்ணுக்கே திரும்பி வரும், லோ பீம்தான் தரைய காட்டும். நாலு பக்க இண்டிகேட்டரும் போட்டுட்டு ஓட்டுறாங்க பாருங்க, நீங்க எந்த பக்கம் திரும்புறீங்கன்னு பின்னாடி வர்றவனுக்கு எப்படி தெரியும்? வளைவுல ஹாரன், எறங்கும்போது ரெண்டாவது கியர், பிரேக்க மிதிச்சுட்டே வந்தா அடிவாரத்துக்கு வர்றதுக்குள்ள புகை வரும். ஏறுற வண்டிக்கு வழி விடுங்க. அப்புறம் காட்டுமாடு. தோட்டத்துல இருந்து நேரா ரோட்ல வந்து நிக்கும், கருப்பா இருக்கறதால மிஸ்ட்டுக்குள்ள பாறைன்னு நெனச்சுக்குவீங்க. ஹாரன் அடிக்காம, எறங்கி செல்ஃபி எடுக்காம, அதுவா போற வரைக்கும் நில்லுங்க.

கிளியூர் அருவில தண்ணி இருக்கா?

ஏப்ரல் மே விடுமுறைல தெனமும் இந்த கேள்விதான், தெனமும் அதே பதில்தான், இல்ல. ஏரி நெறஞ்சு வழிஞ்சு போற தண்ணிதான் அங்க போயி 300 அடி விழுது. ஏரி வழியலன்னா அருவி வெறும் பாறை. செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வாங்க, அதுலயும் பலத்த மழை அன்னைக்கு உள்ள விட மாட்டாங்க, விட்டாலும் போகாதீங்க. படி செங்குத்து, எறங்குறது சுலபம், ஏறும்போதுதான் வயசு தெரியும்.

காபி பூ எப்ப பூக்கும்?

இந்த கேள்விய கேக்குறவங்களுக்கு நான் டிஸ்கவுண்ட்டே தருவேன். காபிச் செடி மொட்டு விட்டுட்டு காஞ்சு போயி காத்திருக்கும், பிப்ரவரி கடைசியில இருந்து ஏப்ரலுக்குள்ள ஒரு நல்ல மழை, பூமழைன்னு சொல்லுவோம், ஒரு அங்குலமாச்சும் பேயணும். பேஞ்சு எட்டுல இருந்து பத்து நாள்ல மொத்த மலையும் ஒரே நேரத்துல வெள்ளையா பூக்கும். மூணு நாலு நாள்தான், வாசனை மல்லி மாதிரி இருக்கும், காலைல கதவ தொறந்தா மூச்சு முட்டும். ஏற்காட்டோட ஸ்னோ எதுன்னு கேட்டா இதத்தான் காட்டுவேன். தேதி மட்டும் முன்கூட்டி சொல்ல முடியாது. மழை பேஞ்ச அன்னைக்கு ஸ்டேட்டஸ் போடுறேன், அதுல இருந்து எட்டு நாள் எண்ணிக்கோங்க.

1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்தான் காபிய இங்க கொண்டு வந்தாருன்னு சொல்லுவாங்க. அன்னைல இருந்து இந்த மலைல எல்லாரும் மானத்த பாத்துதான் பொழைக்கிறோம். பழம் பறிச்சு களத்துல காயப்போடுறப்ப மழை வரக்கூடாது, மொட்டு காத்திருக்கறப்ப வந்தே ஆகணும். ஒரு வருஷம் ஜனவரியிலயே ஒரு மழை வந்து, காஞ்சுட்டு இருந்த கொட்டை பூசணம் புடிச்சு, பாதி மொட்டும் முந்தியே பூத்து, ரெண்டும் கெட்டுச்சு. உங்களுக்கு அது அழகான மழை, அன்னைக்கு வந்த கெஸ்ட் எல்லாம் நனைஞ்சு டான்ஸ் ஆடுனாங்க, நான் தார்ப்பாய தூக்கிட்டு ஓடிட்டு இருந்தேன்.

லேடீஸ் சீட்ல இருந்து மேட்டூர் டேம் தெரியுமாமே?

தெரியும், மழை பேஞ்சு காத்து கழுவுன மறுநாள். மத்த நாள்ல புழுதி மறைச்சுக்கும். சேலம் லைட்டு ராத்திரில பாக்கணும்னா டிசம்பர் ஜனவரி நல்லது, ஏழு மணிக்கு மேல.

கோடை விழாவுக்கு வரலாமா?

மே மாசம் நடக்கும், அண்ணா பூங்கால மலர் கண்காட்சி. பூ நல்லாருக்கும், ரோடு நல்லாருக்காது. அந்த நாள்ல வண்டிய ஏற ஒரு வழி எறங்க ஒரு வழின்னு திருப்பி விடுவாங்க, எறங்கும்போது குப்பனூர் சுத்திதான் போகணும். வெதருக்காக வர்றீங்கன்னா இந்த வாரம் வேணாம், தட்டுவடை செட்டு சாப்ட்டுட்டு சேலத்துலயே இருங்க.

மிஸ்ட் வரலன்னா காசு திருப்பி தருவீங்களா?

போன மாசம் ஒரு தம்பி கேட்டார், சீரியஸாவே. தம்பி, வந்தா எக்ஸ்ட்ரா காசு தருவீங்களான்னு நான் திருப்பி கேட்டேன், போன வெச்சுட்டார். அப்புறம் அவரே சனிக்கிழம வந்தார், ரெண்டு நாளும் சுள்ளுன்னு வெயில். ஞாயித்துக்கிழம சாயந்தரம் கணக்கு முடிச்சு வண்டி கெளம்பி பத்தாவது வளைவு தாண்டிருப்பார், கிழக்க இருந்து மேகம் எறங்கி என் வாசலே தெரியல. போட்டோ எடுத்து அனுப்பினேன், இன்னும் ரிப்ளை வரல.